மெழுகுவர்த்தி அணைந்த பிறகு ஏறும் தண்ணீர்: பிள்ளைகளின் சோதனை ஏட்டிலுள்ள விளக்கத்தை மறுத்தால் ஆசிரியர் என்ன செய்வது?

செம்பூர் ஆசிரியை எழுதியது:

வணக்கம். மும்பை செம்பூரில் ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். வகுப்பில் 42 பேர். அவர்களில் கால்வாசிக்கு மேல் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். சென்ற ஆண்டு வரை சோதனைகளை நானே மேசைமீது செய்துகாட்டி, முடிவைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிடுவேன். இந்த ஆண்டு பிள்ளைகளே செய்து, பார்த்து, தாங்களாகவே ஒரு முடிவுக்கு வரட்டும் என்று தீர்மானித்தேன். முதல் சோதனையிலேயே சிக்கிக்கொண்டேன்.

சோதனை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை நிறுத்தி ஏற்றி, அதன்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால், சற்று நேரத்தில் சுடர் அணைந்து குவளைக்குள் தண்ணீர் ஏறும். ஏறும் உயரம் குவளையின் ஐந்தில் ஒரு பங்கு என்றும், எரிந்து தீர்ந்த ஆக்சிஜனின் இடத்தையே தண்ணீர் பிடித்துக்கொள்கிறது என்றும், ஆகவே காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடு என்றும் நாங்கள் பயன்படுத்தும் பயிற்சி ஏட்டில் இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது படித்ததும் இதையேதான்.

ஏழு குழுக்களுக்கும் 15 செ.மீ. உயரமுள்ள ஒரே மாதிரிக் குவளைகளைக் கொடுத்தேன். ஒரு குழுவுக்கு 2 செ.மீ., இன்னொரு குழுவுக்கு 3.5 செ.மீ., மற்றவர்களுக்கு இடைப்பட்ட அளவுகள். சராசரி எடுத்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிடும் என்று நான் நிம்மதியடையும் நேரத்தில், கடைசி வரிசைக் குழு என்னைக் கேட்காமலேயே பெட்டியில் மிஞ்சியிருந்த வர்த்திகளையும் சேர்த்து ஏற்றியிருந்தது தெரியவந்தது. இரண்டு வர்த்திக்குத் தண்ணீர் 4 செ.மீ. ஏறியது, மூன்றுக்கு 5 செ.மீ.-ஐத் தாண்டியது. "குவளையும் அதேதான், காற்றும் அதேதான், வர்த்தி கூடினால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் எப்படிக் கூடும், டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பக்கத்திலிருந்தவன் இன்னும் ஒரு படி மேலே போய், எரிகிறபோது தண்ணீர் அநேகமாக அசையவே இல்லை என்றும், அணைந்த பிறகுதான் சட்டென்று ஏறியது என்றும் சொன்னான். என்னிடம் பதில் இல்லை. "நாளை பார்க்கலாம்" என்று சொல்லி மணியடித்ததும் வெளியே வந்துவிட்டேன்.

பாடத்திட்டம் பின்தங்குகிறது, முடிவைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போங்கள் என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சரியான விளக்கம் என்ன, அதை நானே சொல்லிவிடாமல் பிள்ளைகளை அந்த இடத்துக்கு எப்படிக் கொண்டுசெல்வது, 35 நிமிட வகுப்பில் 42 பேரை வைத்துக்கொண்டு இந்த முறை நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சயான், எழுதியது:

அம்மா, முதலில் அந்தக் கடைசி வரிசைக் குழுவை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்பதை நாம் ஒரு பருவம் முழுவதும் வாயால் சொல்லிக் கொடுத்தாலும் வராது. அவர்கள் யாரும் சொல்லாமலேயே செய்திருக்கிறார்கள்.

நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். எங்களிடம் ஆய்வகம் என்று தனியாக ஒன்றும் இருந்ததில்லை. வீட்டுப் பாத்திரங்களே ஆய்வகம். இந்தச் சோதனையில் எனக்கும் இதே அனுபவம் உண்டு. அப்போது நான் செய்தது, விளக்கத்தைச் சொல்லாமல் இன்னொரு சோதனையைக் கொடுத்ததுதான். உள்ளே ஈரம் படாத வெறுங்குவளையை, வெளிப்புறம் மட்டும் வெந்நீரில் மூழ்கியிருக்கும்படி இரண்டு நிமிடம் நிறுத்திவையுங்கள். பிறகு துணியால் பிடித்து எடுத்து, உடனே தட்டிலுள்ள குளிர்ந்த தண்ணீரில் கவிழுங்கள். உள்ளே தீயும் இல்லை, வர்த்தியும் இல்லை. ஆனாலும் ஆற ஆறத் தண்ணீர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏறும். இங்கே எரிந்து தீர்ந்தது எது என்று மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருந்துவிட வேண்டும். பேசாமல் இருப்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. எனக்குப் பழக மூன்று நான்கு ஆண்டுகள் ஆயின.

என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, அம்மா காலையில் சூடாகச் சாதத்தைப் போட்டு மூடித்தரும் எவர்சில்வர் டப்பாவை மதியம் திறக்க முடிவதில்லையே, அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்டான். டப்பாவில் காற்று சுருங்குவதோடு நீராவி குளிர்ந்து தண்ணீராவதும் சேர்ந்துகொள்கிறது என்பதால் முழுக்க ஒன்று என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் சரியான திசையில் போய்விட்டான் என்பது எனக்குப் புரிந்தது. அதன் பிறகு மெழுகுவர்த்திச் சோதனையை மறுபடியும் செய்யச் சொல்லி, குவளையைக் கவிழ்க்கும் அந்தக் கணத்தில் விளிம்பை மட்டும் பார்க்கச் சொன்னேன். சூடேறிய காற்று விரிந்து குமிழ்களாக வெளியேறுவதை நான்கைந்து பேர் பார்த்துவிட்டார்கள். சுடருக்கு மேல் குவளையைச் சில நொடிகள் பிடித்துவிட்டுக் கவிழ்ப்பவர்களுக்கு ஏன் தண்ணீர் அதிகம் ஏறுகிறது என்பதும் அதோடு விளங்கிவிட்டது. உங்கள் குழுக்களின் அளவுகள் 2-க்கும் 3.5-க்கும் இடையே சிதறியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. விவாதம் நடக்கும்போது அவர்களைத் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் பேச விடுங்கள். குறிப்பேட்டில் எழுதும்போது ஆங்கிலத்துக்கு வந்தால் போதும். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்றால் நன்றாக ஆங்கிலம் பேசும் நான்கு பேர்தான் விஞ்ஞானி ஆவார்கள், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு குவளையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

முலுண்டிலிருந்து ஒரு தந்தை எழுதியது:

டீச்சர், நான் ஆசிரியர் அல்லன். வேறொரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குத் தகப்பன். உங்கள் உழைப்பை மதிக்கிறேன் என்றாலும், பெற்றோர் பக்கத்துச் சந்தேகத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 20 மதிப்பெண் உள்மதிப்பீட்டுக்கு என்பதே கணக்கு. அந்த 80-இல் குமிழைப் பார்த்தாயா என்று எவரும் கேட்கப்போவதில்லை. ஐந்தில் ஒரு பங்கு தவறு என்று வகுப்பில் கற்றுக்கொண்ட பிள்ளை, தேர்வில் ஐந்தில் ஒரு பங்கு என்று எழுத வேண்டுமா கூடாதா? இரண்டாவதாக, காற்றில் ஆக்சிஜன் என்றொரு வாயு இருக்கிறது என்பதைக் கண்டறியப் பெரிய மேதைகளுக்கே பல தலைமுறைகள் பிடித்தன. அதை 12 வயதுப் பிள்ளை 35 நிமிடத்தில் தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு அவனே கற்றுக்கொள்வான் என்று கரையில் நிற்பதைப் போல எனக்குத் தோன்றுகிறது. தவறாக நினைக்க வேண்டாம்.

மான்குர்டு வாசகர் எழுதியது:

நான் அறிவியல் பாடப் பொருள்களைத் தயாரிக்கும் வேலையில் இருப்பவள். முலுண்ட் தந்தையின் கேள்விகள் நியாயமானவை என்பதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கே முடிவு தவறில்லை, முடிவுக்குக் காட்டப்படும் சான்றுதான் தவறு. காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு என்பது உண்மை. தேர்வில் அப்படியே எழுதலாம், ஒரு மதிப்பெண்ணும் குறையாது. ஆனால் மெழுகுவர்த்திச் சோதனை அதை மெய்ப்பிக்கவில்லை. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே பைசாந்தியத்தைச் சேர்ந்த ஃபைலோ என்பவர் விவரித்த பழைய சோதனை இது. இத்தனை காலம் தப்பான விளக்கத்தோடு அது பிழைத்திருப்பதற்கு, ஒரே ஒரு வர்த்தியைக் கொண்டு செய்தால் விடை தற்செயலாக ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் வந்து நிற்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். மெழுகு எரியும்போது ஆக்சிஜன் மறைந்துபோவதில்லை. கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகிறது. மெழுகிலுள்ள, 25 கார்பன் அணுக்களைக் கொண்ட பாரஃபின் மூலக்கூறு ஒன்று முழுமையாக எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை. அதிலிருந்து 25 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் வெளிப்படுகின்றன. நீராவி குளிர்ந்து நீராகிவிடும் என்று வைத்துக்கொண்டாலும், 38 போன இடத்தில் 25 வந்து உட்கார்ந்துவிடுவதால் உண்மையில் குறைவது 13 பங்கு மட்டுமே. கார்பன் டை ஆக்சைடு நீரில் கரையும், ஆனால் மெதுவாகத்தான் கரையும். சுடர் அணைந்தவுடன் சட்டென்று ஏறுவதை அதனால் விளக்க முடியாது. போதாக்குறைக்கு, சுடர் எல்லா ஆக்சிஜனையும் தின்று தீர்ப்பதுமில்லை. ஆக்சிஜன் 21-லிருந்து 16 விழுக்காட்டை ஒட்டி இறங்கியதுமே மெழுகுவர்த்தி அணைந்துவிடுகிறது. ஆக, எரிதலால் மட்டும் ஏற்படும் குறைவு குவளையில் 2 விழுக்காட்டைக்கூட எட்டாது, 15 செ.மீ. குவளையில் அது 3 மில்லிமீட்டர்கூட இல்லை. மீதி ஏற்றம் முழுவதும் சயான் ஐயா சொன்ன சூட்டின் வேலை. வர்த்தி கூடினால் சூடு கூடும், வெளியேறும் காற்று கூடும், ஆறும்போது ஏறும் தண்ணீரும் கூடும்.

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியமானது. பிள்ளைகள் ஆக்சிஜனைத் தாமாகக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். பிரீஸ்ட்லி 1774-இல் அந்த வாயுவைப் பிரித்தெடுத்த பிறகும் தாம் எதைப் பிரித்தெடுத்தோம் என்பதைத் தப்பாகவே புரிந்துகொண்டார். லவாய்சியர் பாதரசத்தை மூடிய கலத்தில் 12 நாள் சூடாக்கிய பிறகே காற்றின் ஒரு பகுதி மட்டும் உலோகத்தோடு சேர்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டினார். எனவே பெயரையும் கருத்தையும் ஆசிரியர்தான் கொடுக்க வேண்டும், கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. பிள்ளைகள் கையில் விட வேண்டியது வேறு: சொல்லப்பட்ட கருத்து உண்மையானால் இந்தக் குவளையில் என்ன நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது, நடப்பதோடு அதை ஒப்பிடுவது, பொருந்தாவிட்டால் எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று சொல்வது. கிணற்று உவமையிலேயே சொன்னால், ஆசிரியர் கரையில் நிற்கக்கூடாது, கழுத்தளவுத் தண்ணீரில் கூடவே நிற்க வேண்டும்; ஆனால் கையை அவர் ஆட்டிவிடக்கூடாது.

இது நம் நாட்டில் நடக்காத காரியமும் அன்று. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த நண்பர்கள் ஊரக மையம் என்னும் இரண்டு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் இதைத் தொடங்கின. நம் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்திலிருந்தும் தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் அங்கே போய் ஆசிரியர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார்கள். 1978-இல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. அங்கே பயன்படுத்திய ஏடுகளில் சோதனையும் கேள்வியும் இருக்கும், விடை அச்சிடப்பட்டிருக்காது; தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைத் தேர்வும் தனியாக உண்டு. சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களைக் கடிதமாக எழுதுவார்கள், பதிலும் வரும். 2002-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. அங்கே முதலில் மாற்றப்பட்டவற்றுள் தேர்வும் ஒன்று என்பதை முலுண்ட் தந்தை கவனிக்க வேண்டுகிறேன். அவர் குறைபட்டுக்கொள்ளும் இடம் சரியான இடம்தான்.

செம்பூர் ஆசிரியைக்கு: 21 விழுக்காட்டை நேர்மையாகக் காட்ட வேண்டுமானால் இரும்பைத் துருப்பிடிக்க விடுங்கள். காந்தப் பாடத்துக்காக எல்லாப் பள்ளிகளிலும் இரும்புத் தூள் இருக்கும். சோதனைக் குழாயின் உட்புறத்தை நனைத்து, தூளைத் தூவி ஒட்டச் செய்து, தண்ணீரில் தலைகீழாக நிறுத்திவையுங்கள். இரும்பு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு பதிலுக்கு எந்த வாயுவையும் விடுவதில்லை, சூடும் குறிப்பிடும்படி இல்லை. இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். அளவைத் தினமும் ஒரே வேளையில் எடுங்கள். மூன்று டிகிரி வெப்பநிலை மாறினாலே காற்றின் பருமன் ஒரு விழுக்காடு மாறிவிடும்.

குர்லா உறுப்பினர் எழுதியது:

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். தூள் இல்லையென்று பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் பயன்படுத்திவிடாதீர்கள். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் எவர்சில்வர். மும்பை மழைக்காலத்துக்கே அசையாதது உங்கள் குழாய்க்கா அசையப்போகிறது? மரச் சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கும் மெல்லிய இரும்புப் பஞ்சு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதன்மீது எண்ணெய்ப் பூச்சு இருந்தால் வினிகரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

செம்பூர் ஆசிரியை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து, நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டவளாக எழுதுகிறேன்.

சயான் ஐயா சொன்னபடி வெறுங்குவளையை வெந்நீரில் வைத்துக் கவிழ்த்தோம். தண்ணீர் ஏறியபோது வகுப்பில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் பேசாமல் இருந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு என்றுதான் சொல்ல வேண்டும். சூட்டினால் காற்று வெளியே போயிருக்கும் என்று மூன்று குழுக்கள் தனித்தனியே எழுதின. ஒரு குழு, கண்ணாடியே தண்ணீரை உறிஞ்சுகிறது என்று எழுதி, அதை விட்டுக்கொடுக்க மறுத்தது. சூடாக்காத குவளையைக் கவிழ்த்துப் பாருங்கள் என்று அடுத்த மேசையிலிருந்து ஒருத்தி சொன்னாள். அவர்களும் செய்து பார்த்தார்கள், தண்ணீர் ஏறவில்லை.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன் அல்லவா, அதற்கு நான் கண்ட வழி இதுதான். எல்லாப் பாடங்களையும் இப்படி நடத்த முடியாது. இந்தப் பருவத்தில் இரண்டு பாடங்களை மட்டும் இதற்கென்று ஒதுக்கி, மற்றவற்றைப் பழையபடி விரைவாக நடத்துகிறேன். மேற்பார்வையாளரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்வதைவிட மறுக்கவில்லை என்பதே பொருத்தம்.

துருச் சோதனையைத் திங்களன்று வைத்தோம். குர்லா நண்பரின் எச்சரிக்கையைப் படித்துவிட்டு, வேண்டுமென்றே ஒரு குழுவுக்கு மட்டும் எவர்சில்வர் நாரைக் கொடுத்தேன். வியாழனன்று அளந்தபோது, 15 செ.மீ. நீளக் குழாயில் இரும்புத் தூள் வைத்த ஆறு குழுக்களில் ஐந்துக்கு 2.7 முதல் 3.1 செ.மீ. வரை ஏறியிருந்தது. ஒரு குழுவின் தூள் பாதிக்கு மேல் உதிர்ந்து தண்ணீரில் விழுந்துவிட்டதால் 1.1 செ.மீ. மட்டுமே. எவர்சில்வர் நாருக்கு ஏற்றமே இல்லை. மிஞ்சிய காற்றில் எரியும் குச்சியை நுழைத்தபோது அது உடனே அணைந்தது. இந்த இடத்தில்தான் ஆக்சிஜன், நைட்ரஜன் என்ற பெயர்களையும் 21, 78 என்ற எண்களையும் நானே சொன்னேன். மான்குர்டு அம்மையாரின் கணக்கிலிருந்து, சுடர் அணைந்த பிறகும் குவளையில் 16 விழுக்காடு அளவுக்கு ஆக்சிஜன் மிஞ்சும் என்பதையும் சொன்னேன்.

அதை அந்தக் கடைசி வரிசை மாணவி நம்பவில்லை. மிஞ்சியிருப்பது உண்மையானால், மெழுகுவர்த்தி அணைந்த குவளைக்குள் இரும்புத் தூளை வைத்தால் தண்ணீர் இன்னும் ஏற வேண்டுமே என்றாள். நான் யோசித்திராத சோதனை இது. மெல்லிய துணியில் ஈரத் தூளை முடிந்து குவளைக்குள் மேலே ஒட்டித் தொங்கவிட்டு, வர்த்தியை ஏற்றிக் கவிழ்த்து, ஆறிய பிறகு நீர்மட்டத்தில் கோடு போட்டோம். ஒப்பிடுவதற்காகத் தூள் இல்லாத குவளையொன்றையும் அருகில் வைத்தோம். வெள்ளிக்கிழமை வைத்ததைப் புதனன்று பார்த்தபோது, தூள் இருந்த குவளையில் கோட்டுக்கு மேல் 2 செ.மீ.-க்குச் சற்றுக் குறைவாக ஏறியிருந்தது. அவள் கைகட்டி நின்று பார்த்துவிட்டு, "அப்படியானால் இருந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் தூள் இல்லாத குவளையிலும் 3 மி.மீ. ஏறியிருக்கிறது. அது ஏன் என்று இப்போது வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு பக்கம், அன்று வெயில் அடித்தது, இன்று மழை, அறை குளிர்ந்துவிட்டது என்கிறது. மறுபக்கம் கார்பன் டை ஆக்சைடு கரைந்துவிட்டது என்கிறது. வீட்டில் வெற்றிலை போடும் பாட்டி இருப்பதால் சுண்ணாம்பு தாம் கொண்டுவருவதாக இருவர் சொல்லியிருக்கிறார்கள். திங்களன்று, கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும் சுண்ணாம்புத் தெளிநீர் ஊற்றிய தட்டிலும் வெறும் தண்ணீர்த் தட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறோம். அறையின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் குறித்துவைக்கும் பொறுப்பைக் கண்ணாடிதான் உறிஞ்சுகிறது என்று சொன்ன குழுவிடம் கொடுத்திருக்கிறேன்.